ஓய்வுபெற்ற மாடல்

அண்ணனூர்
6-1-2025, இரவு

மதிப்பிற்குரிய ஓவியர் பத்மா அம்மா அவர்களுக்கு,

இதைப் படிக்கும்போது என் அப்பா பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து மடித்து வைத்துவிட்டு அவர் சாயங்காலம் கிளம்பிய பிறகு படியுங்கள்.

நான் அருள்மொழி. பதினோராம் வகுப்பு. உங்களிடம் தினமும் வருகிற பூபாலனின் மகள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சமையலறை ஜன்னல் வழியாக மாடிப்படி விளக்கின் வெளிச்சம் விழுகிற இடத்தில் தாளை வைத்து எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் நிறுத்திவிடுவேன். எழுத்து அங்கங்கே கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம்.

நேற்று அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவும்போது அடியில் ஓர் அழைப்பிதழ் இருந்தது. முழுவதும் ஆங்கிலம். ஓட்டைப் பனியன் போட்ட ஓர் ஆள் பிரம்பு நாற்காலியில் தூங்குகிற படம், கறுப்பு மையில், வெறும் கோடுகளால். முகம் பாதிதான் தெரிகிறது. நான் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, காலை வைத்துக் கண்டுபிடித்தேன். இடது கட்டைவிரல் மேல் பக்கத்து விரல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அப்படி ஒரு கால் எங்கள் அப்பாவுக்கும் எனக்கும்தான் உண்டு. கீழே ‘ரெஸ்டிங் மாடல்’ என்று போட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா சூப்பர்வைசர். டிசைன் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருக்கிறார். அதை அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அய்யாசாமி மாமாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார், ஏனென்றால் மாமா முதல் முறை நம்பவில்லை.

அப்பா வேலை பார்த்த ஸ்பிரிங் பட்டறை ஒரகடத்துக்கு இடம் மாறியபோது அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதன் பிறகு பல மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். உங்களிடம் வந்த பிறகுதான் ஷேவ் செய்கிறார், விசிலடிக்கிறார், ரயிலில் சண்டை போட்டவர்களை எங்களுக்கு நடித்துக் காட்டுகிறார். இந்தப் படம் வெளியே வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பா வெட்கத்தில் வேலையை விட்டுவிடுவார். மறுபடியும் சுவர். எனக்கு அந்தச் சுவர்தான் பயம்.

அதனால் படத்தைக் கண்காட்சியில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் அவருக்குத் தாடி வரையுங்கள். சட்டையும் வரையுங்கள். அந்தக் காலை எப்படியாவது மூடுங்கள். ஒரு ஆளைத் தூங்கும்போது வரைவது சரிதானா என்றும் கேட்க நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

அழைப்பிதழில் இருந்த விலாசத்துக்கு இதைத் தபாலில் அனுப்புகிறேன். பதிலை மட்டும் தபாலில் அனுப்பாதீர்கள். அப்பாவின் பையில் பக்கவாட்டில் ஒரு ஜிப் இருக்கிறது. அது மக்கர் செய்வதால் அவர் தொடவே மாட்டார். நான் மெழுகுவத்தி தேய்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்குத் திறக்கும்.

பயத்துடன்,
அருள்மொழி


அம்பத்தூர் எஸ்டேட்
9-1-2025

அருள்மொழிக்கு,

ஜிப் திறந்தது. உன் அப்பா பொங்கல் பானை தூக்குகிற போஸில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தபோது, நான் திருடி மாதிரி அவர் பையில் கை விட்டேன். ஊறுகாய் வாசனை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். தூங்கும்போது வரைவது சரியில்லை, கேட்காமல் வரைந்தால். அன்று அவர் சாப்பிட்டுவிட்டு இடைவேளையில் கண்ணசந்தார். எனக்குக் கை பரபரத்தது. வரைந்துவிட்டேன். எழுந்ததும் காட்டினேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போடுகிறேன் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். “நான் இப்டியா தூங்கறேன்? நம்பற மாதிரி இல்லியே. நல்லா நிம்மதியா கீறான் இந்த ஆளு” என்றார். பிறகு பெயரை மட்டும் போடாதீர்கள் என்றார். போடவில்லை. அந்த அழைப்பிதழைக் கொடுத்தது நான்தான். அதைப் பைக்கடியில் ஒளித்தது அவர்.

அடுத்து, தாடி. நான் பென்சில் போட்டுப் பிறகு மை ஏற்றுகிற ஆள் இல்லை. நேராகப் பேனாதான். விழுந்த கோடு விழுந்ததுதான். அழிக்க முடியாது, மேலே சேர்க்கலாம். தாடி சேர்த்தால் உன் அப்பா தூங்குகிற சாமியார் மாதிரி இருப்பார். சட்டை சேர்த்தால் அந்தத் தோளெலும்புக் கோடு போய்விடும். அந்த ஒரு கோட்டுக்காக நான் வருஷக்கணக்கில் காத்திருந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

கண்காட்சி எங்கேயோ பெரிய கூடத்தில் இல்லை, பயப்படாதே. என் ஷெட்டின் கீழ்த்தளத்தில்தான். பிப்ரவரி முதல் தேதி. பட்டறைகள் நிறைந்த இந்த எஸ்டேட்டுக்குள் படம் பார்க்க உன் அம்மா எதற்கு வரப் போகிறார்?

படத்தை எடுக்க மாட்டேன். கோபித்துக்கொள். ஆனால் பதில் எழுது.

பத்மா

பி.கு.: சூப்பர்வைசர் என்று சொன்னது முழுப் பொய் இல்லை. என் மைப்புட்டியை மூடச் சொல்லி தினமும் அதட்டுகிறார்.


அண்ணனூர்
12-1-2025, இரவு

பத்மா மேடம் அவர்களுக்கு,

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் ‘நிம்மதியா கீறான்’ என்று அப்பா சொன்ன இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அந்த மடிப்பில் தாள் கிழிந்தே போனது.

என் அம்மா எதற்கு வருவார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. அவர் பெயர் கன்னியம்மா. அதே எஸ்டேட்டில், ஏற்றுமதி துணிக் கம்பெனியில், காலர் தைக்கிறார். உங்கள் ஷெட்டுக்கும் அவர் கம்பெனிக்கும் நடுவில் ஒரு டீக்கடையும் ஒரு மாரியம்மன் கோயிலும்தான் இருக்க வேண்டும், அப்பா சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால். அம்மா ஒரு தடவை “உங்க கம்பெனி வழியாத்தானே போறேன், மதியம் எட்டிப் பாக்கட்டா?” என்று கேட்டார். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. செக்யூரிட்டி விட மாட்டான், பாஸ் வேண்டும் என்றார். அப்படியானால் பெரிய கம்பெனிதான் என்று அம்மாவுக்கு அன்று முதல் இன்னும் பெருமை.

நேற்று பயங்கரமான ஒன்று நடந்தது. போகி சாமான் ஒதுக்கும்போது அம்மா அப்பாவின் பழைய பனியன்களை எல்லாம் எடுத்தார். படத்தில் இருக்கிற அந்த ஓட்டைப் பனியன் அதில் இருந்தது. அதே இடத்தில் அதே ஓட்டை. அம்மா அதைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தார். அவர் கேட்டது, இதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாமா என்றுதான்.

நீங்கள் பெரியவர். உங்களுக்குப் பயமே இருக்காது என்று நினைக்கிறேன்.

அருள்மொழி


அம்பத்தூர் எஸ்டேட்
18-1-2025

அருள்மொழிக்கு,

பொங்கல் விடுமுறையில் மாடல் இல்லாமல் ஒரு தக்காளியை வரைந்தேன். அது உன் அப்பாவை விட அதிகம் அசைந்தது.

எனக்குப் பயம் இல்லையா? என் கண்காட்சித் திறப்புக்கு நானே போக மாட்டேன். இதுவரை நடந்த எல்லாவற்றிலும் அப்படித்தான். ஜனங்கள் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ஏதாவது சொல்வார்கள். நான் ஏதாவது பதில் சொல்வேன். அதற்கு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது மேல். இந்த முறையும் அப்படித்தான். உன் அப்பா கீழே டீ கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். யார் யார் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள் என்று பிறகு வந்து சொல்வாராம்.

எஸ்டேட் ஆட்களும் வரட்டும் என்று அவர்தான் யோசனை சொன்னார். ஆங்கில அழைப்பிதழ் யாருக்குப் புரியும், தமிழில் நோட்டீஸ் அடியுங்கள் என்றார். நியாயம்தானே. அச்சகத்துக்கு ஆங்கில அழைப்பிதழையே அனுப்பிவிட்டேன், அவர்களே தமிழில் போட்டுக்கொள்வார்களாம். திங்கட்கிழமை கட்டு வந்துவிடும். டீக்கடையில் வைக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

பார், ஒளிந்துகொள்கிற ஆள் நோட்டீஸ் கொடுப்பாரா? உன் அப்பாவுக்கு நீ நினைக்கிற அளவு வெட்கம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்மா


அண்ணனூர்
22-1-2025, இரவு

பத்மா மேடம்,

என்ன செய்தீர்கள்?

திங்கட்கிழமை அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் உட்காரும் தலையணை. அதை அவர் வேலைக்கு எடுத்துப் போகிறார் என்பதே அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். சாப்பிட்டார். பிறகு, “ஓய்வு குடுத்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார். செல்போனை அணைத்துப் பீரோ மேல் வைத்தார். போய்ப் படுத்தார்.

சுவரைப் பார்த்து.

இன்றைக்கும் போகவில்லை. அதனால்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் போடுவேன். நீங்கள் பதிலை என் தோழி சுதாவின் அப்பா ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புங்கள், விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். நான் பயந்துகொண்டு எழுதிய கடிதங்களால்தான் அவரை நிறுத்திவிட்டீர்களா? அப்படியென்றால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். படத்தை வையுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வையுங்கள். அவரை மட்டும் கூப்பிடுங்கள்.

அம்மா வேறு வழியில் போய்க்கொண்டிருக்கிறார். அய்யாசாமி மாமாவுக்குப் போன் போட்டார். மாமா டேங்க் பேக்டரியில் ஓய்வு பெற்ற அன்று ரோஜா மாலை போட்டு, சால்வை போட்டு, வேனில் பேண்டு வாத்தியத்தோடு குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிரியாணி எங்களுக்கே மூன்று பொட்டலம். அம்மா போனில் சொன்னது இது: “வயசு ஆவறதுக்கு முன்னாடியே ரிட்டேர் பண்ணிட்டாங்கண்ணா. போனாப் போவுது. ஒரு மாலை போடல. ஒரு வண்டில கொண்டாந்து உடல. மனுசன் தலாணிய எடுத்துகினு ரயில்ல வந்துகீறாரு.”

அருள்மொழி


அம்பத்தூர் எஸ்டேட்
24-1-2025

அருள்மொழிக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் புரிந்தது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் கட்டை அவர்தான் பிரித்திருக்கிறார், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். உன் அப்பா படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் இருக்கிறது:

ஓய்வுபெற்ற மாடல். பேனா, மை.

‘ரெஸ்டிங்’ என்றால் ஓய்வு. அச்சகத்துப் பையன் அதோடு ‘பெற்ற’ சேர்த்துவிட்டான். போன் செய்து கேட்டேன். “வெறும் ஓய்வுன்னு போட்டா மொட்டையா இருந்திச்சு மேடம்” என்கிறான்.

உன் அப்பா அதைப் படித்திருக்கிறார். நேரில் சொல்ல மனமில்லாமல் நான் அச்சடித்துச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தலையணையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போயிருக்கிறார். போகிற போக்கில் என் மைப்புட்டியை மூடிவிட்டுப் போயிருக்கிறார், அருள்மொழி.

அவர் போன் அணைந்திருக்கிறது. அவசரத்துக்கு என்று அவர் கொடுத்த இன்னொரு எண்ணுக்கு அடித்தேன். உன் அம்மா எடுத்தார். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். “மாலை எப்ப போடுவீங்க?” என்றார். கட் செய்துவிட்டேன். நான் எழுதும் அளவுக்குப் பேச வராது எனக்கு.

அவசரம் என்பதால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நீ சொல்லிவிடேன் அப்பாவிடம், அது அச்சுப்பிழை என்று?

பத்மா


அண்ணனூர்
25-1-2025

பத்மா மேடம்,

பள்ளிக்கூட இடைவேளையில் எழுதுகிறேன், சீக்கிரம் முடிக்க வேண்டும்.

நான் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அப்புறம் எல்லாமே வெளியே வரும். அவர் சுவர் பக்கம் படுத்திருக்கும்போது நான் பின்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். தண்ணி வேணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

முக்கியமான விஷயம்: நீங்கள் போனை வைத்துவிட்டதில் அம்மாவுக்குப் பயங்கரக் கோபம். கூப்பிட்ட எண்ணைக் காட்டி, டீக்கடையில் விசாரித்து, உங்கள் ஷெட்டைக் கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை மாமாவோடு வந்து நியாயம் கேட்கப் போகிறார். பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறார். படங்களை எல்லாம் ஒளித்து வையுங்கள். நாலு கம்ப்யூட்டரை யாரிடமாவது கடன் வாங்கி வையுங்கள். நாலுகூட வேண்டாம், இரண்டு போதும்.

அருள்மொழி


அம்பத்தூர் எஸ்டேட்
28-1-2025

அருள்மொழிக்கு,

உன் எச்சரிக்கை இன்று காலை கிடைத்தது. உன் அம்மா நேற்றே வந்துவிட்டுப் போனார்.

நடந்ததைச் சொல்கிறேன். பட்டுப்புடவையில் அவரும், பின்னால் வெள்ளைச் சட்டையில் உன் மாமாவும் படியேறி வந்தார்கள். மாமா முதல் வேலையாக மேனேஜர் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றேன். கை முழுக்க மையோடு நின்றிருந்தேன். அவர் நம்பவில்லை, மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

உன் அம்மா நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார். ஓய்வு கொடுப்பது கம்பெனி இஷ்டம், ஆனால் ஒரு முறை இருக்கிறது இல்லையா என்றார். நான் ஓய்வு கொடுக்கவே இல்லை, அச்சகம் கொடுத்துவிட்டது என்று சொல்லி நோட்டீஸை நீட்டினேன். அதை நீட்டியிருக்கக் கூடாது. படமும் அதில்தானே இருக்கிறது. அவர் நோட்டீஸைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க உன் அப்பா. பானை தூக்குகிறவர், செருப்பு மாட்டுகிறவர், ஜன்னல் வழியாக யாரையோ பார்க்கிறவர். நடுவில் தூங்குகிறவர்.

மாமா “இன்னா இதெல்லாம்?” என்று ஆரம்பித்தார். உன் அம்மா கையைக் காட்டினார். மாமா நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கை ரொம்பப் பிடித்தது.

“இதான் வேலையா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“எம்மா நேரம் இப்டி கீறணும்?”

ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல, பிறகு கொஞ்சம் இடைவெளி, பிறகு மறுபடி என்றேன்.

“அசையாமலா?”

அசையாமல்.

“ஊட்ல ஒரு எடத்துல குந்த மாட்டாரே அந்த ஆளு” என்றார். பிறகு தூங்குகிற படத்துக்குக் கிட்டே போய் நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, டீ போட உள்ளே போய்விட்டேன், பயந்துகொண்டுதான். திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டத் தயாராக இருந்தார். “நல்ல பனியனு அரை டஜன் எடுத்து வெச்சிருக்கேன். ஓட்டைய எதுக்குமா போட்டே? நாலு பேரு பாக்கறது. பொண்டாட்டி என்னாத்த கவனிக்கிறான்னு கேக்க மாட்டாங்க?”

மையில் விழுந்தது, எடுக்க முடியாது என்றேன். அப்படியானால் அடுத்த படத்திலாவது ஒழுங்கான பனியன் போடும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த படம் என்றார், கவனி.

போகும்போது மூன்று கட்டளை. ஒன்று, அவர் வந்தது உன் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவரே சொல்லட்டும். அச்சுப்பிழை என்று கம்பெனியிலிருந்து போன் வந்ததாக மட்டும் சொல்லி அனுப்பிவைக்கிறாராம். இரண்டு, திறப்பு அன்று உன்னையும் கூட்டிக்கொண்டு வருவார். மூன்று, “அதுவரிக்கும் எம் பொண்ணுக்கு ஒண்ணியும் தெரியக் கூடாது. பயந்த பொண்ணு அது.”

மூன்றாவதை மீறிவிட்டேன். இன்று காலை உன் அப்பா தலையணையோடு வந்துவிட்டார். “எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு அனுப்பக் கூடாதாம்மா?” என்று என்னை அதட்டினார். இந்தக் கடிதம் அவர் பையில்தான் வருகிறது.

இப்போது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், மற்றவருக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத்தான் தலை சுற்றுகிறது. ஆனால் உன் அப்பாவுக்கு மட்டும் ஒன்று தெரியாது. சனிக்கிழமை டீ தட்டோடு அவர் திரும்பும்போது வாசலில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்பது. அதை நினைத்தால் எனக்கும் இப்போது உன் பயம் வந்துவிட்டது.

பத்மா


அண்ணனூர்
3-2-2025

பத்மா மேடம்,

நீங்கள் மாடியில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்ததால் கீழே நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். சத்தம் கேட்டதா என்று அப்பாவிடம் கேட்டேன். “கப்பு உடைஞ்சது மட்டும் கேட்டுச்சாம்” என்றார். முழுதும் எழுதுகிறேன்.

அம்மா, நான், மாமா மூன்று பேரும் வந்தபோது அப்பா இல்லை. பால் தீர்ந்து டீக்கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். துணிக் கம்பெனி அக்காக்கள், லேத் பட்டறை ஆட்கள், தோளில் நீளப் பை மாட்டிய காலேஜ் பிள்ளைகள். தூங்குகிற படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். நான் அதை முதல் முறை பெரிதாகப் பார்த்தேன். தரையே வரையவில்லை நீங்கள். நாற்காலிக் கால்களுக்குக் கீழே கொஞ்சம் நிழல் மட்டும். ஆனாலும் அவர் விழுந்துவிடுவார் என்று தோன்றவில்லை.

மாமா வரும் வழியில் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டார். விழா என்றால் மாலை இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. அப்பாவைத் தேடினார், காணவில்லை. மாலை கனம், தண்ணீர் வேறு சொட்டியது. நாங்கள் கவனிக்கும் முன்னால் அதைப் படத்துக்குப் போட்டுவிட்டார். சட்டத்தின் இரண்டு மூலையிலும் மாட்டி, ஒழுங்காக இழுத்துவிட்டு, பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

லேத் ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டார். அம்மா பட்டுப்புடவையில் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றதால், ஒரு அம்மாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“உங்க வீட்டுக்காரராம்மா?”

“ஆமாங்க.”

“எப்ப ஆச்சு?”

படம் வரைந்ததைத்தான் அவர் கேட்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டார். “மதியம். சாப்ட்டு முடிச்சாரு. அப்டியே சேர்லயே.”

“கஷ்டப்படலியே?”

“அதெல்லாம் இல்ல. கொறட்டை மட்டும்தான்.”

“புண்ணியம் பண்ணவரு” என்று அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை, ஆனால் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அப்போதுதான் அப்பா டீ தட்டோடு உள்ளே வந்தார்.

கப்பை உடைத்தது அந்த அம்மாள்தான். காலேஜ் பையன் ஒருவன் படத்தையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான். அப்பா யாரையும் பார்க்கவில்லை. முதலில் மாலையைப் பார்த்தார், பிறகு அம்மாவை, மாமாவை, கடைசியாக என்னை. அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக மாறத் தொடங்கியது. சுவர் பக்கம் திரும்பும் முன்னால் வருகிற முகம் அது. தட்டோடு அப்படியே திரும்பினார், போய்விடப் பார்த்தார்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை மேடம். வழியில் போய் நின்றேன். “அப்பா, எனக்கு முன்னாடியே தெரியும். ரொம்ப நல்லா கீது” என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பினார்கள். படத்தில் இருக்கிறவர் மாதிரி தரை இல்லாமல் தொங்குவது இப்போது என் முறையாகிவிட்டது.

அதற்குள் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். “உசுரோட கீற ஆளுக்குப் படத்துல மாலை போடுவியாண்ணா நீ? முப்பது வருசம் டேங்கு செஞ்சியே, இது தெரியாதா?” என்றார். மாலையைச் சட்டத்திலிருந்து கழற்றினார். அப்பாவின் இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை. அம்மா அவர் கழுத்தில் மாலையைப் போட்டார்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“இன்னான்னு சொல்றது கன்னி? ஒக்கார்றதுக்குச் சம்பளம்னா நீ நம்புவியா?”

“பாக்காம எப்டி நம்பறது? குந்து, பாக்கறேன்.”

படத்தில் இருக்கிற அதே பிரம்பு நாற்காலியை நீங்கள் ஓரமாகப் போட்டிருந்தீர்கள். யாரோ இழுத்து வந்து போட்டார்கள். அப்பா தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மாலையோடு உட்கார்ந்தார். முதலில் கூச்சமாகத்தான் இருந்தார். பிறகு ஏதோ ஒன்று அடங்கியது. கை, தோள், தலை, ஒவ்வொன்றாக. அப்புறம் அவர் அசையவே இல்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தது. சுற்றிலும் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, டேங்க் பேக்டரியில்கூட இப்படி ஒரு டிசிப்ளின் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அழுத அம்மாள் இரண்டாவது டீ வாங்கிக் குடித்தார்.

இதை இரவில் எழுதவில்லை. இப்போது காலை, பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் எழுதுகிறேன். சற்று முன் நடந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி அக்கா குழாயடியில் அம்மாவைக் கேட்டார், பூபாலன் அண்ணன் மாலையும் கழுத்துமாக வந்தாரே, ரிட்டையர் ஆகிவிட்டாரா என்று. இல்லை, இனிமேல்தான் வேலையே என்றார் அம்மா. சூப்பர்வைசர் வேலைதானே என்றார் அக்கா. அம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

“சூப்பர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா குந்திகினு கீறாரு. அதான் வேலை.”

அக்கா சிரித்தார். “சும்மா குந்தறதுக்கு எவன் காசு குடுப்பான்?”

“நீ குந்து பாப்போம்.”

அக்காவும் விடவில்லை. குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார், முழங்காலில் கை வைத்து, ராணி மாதிரி. தெருவே பார்த்தது. பத்து எண்ணி முடிப்பதற்குள் அவர் கை மூக்குக்குப் போய்விட்டது.

தலையணையும் சாப்பாட்டுப் பையுமாகப் படியிறங்கிக்கொண்டிருந்த அப்பா நின்று, அவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

“மூக்குதாம்மா மொதல்ல அரிக்கும். அதைத் தாண்டிட்டா அப்பால ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அருள்மொழி